லோதர் ஷ்மிட்: ஆட்டத்தைக் காப்பாற்றிய நடுவர்



போன ஞாயிற்றுக்கிழமை பேரனை ஒரு செஸ் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். கல்யாண மண்டபத்தில் வரிசை வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். இருநூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு நடுவராக நின்றவர் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். ஓடி வந்து காலைத் தொட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையனின் அப்பா வந்து, "எங்க பையன் காய தெரியாமத் தொட்டுட்டான், அதுக்காக அதையே நகர்த்தணுமா?" என்று சத்தம் போட்டார். நம் மாணவர் பொறுமையாகப் பதில் சொல்லி அனுப்பினார். பிறகு என்னிடம், "சார், ஜெயிச்சவங்க கோப்பைய எடுத்துட்டுப் போயிடுவாங்க. தோத்தவங்க எங்களத் திட்டிட்டுப் போவாங்க. நடுவர யாராவது ஞாபகம் வச்சிருப்பாங்களா சார்?" என்று கேட்டார்.

"ஒருத்தர நான் ஐம்பது வருஷத்துக்கு மேலா ஞாபகம் வச்சிருக்கேன்ப்பா" என்றேன். "அத எழுதுங்க சார்" என்றார். இன்று மே 18. அந்த ஒருவர் 2013-ல் இதே தேதியில்தான் காலமானார். அதனால் இன்றே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

அவர் பெயர் லோதர் ஷ்மிட். ஜெர்மனிக்காரர். 1928 மே 10-ல் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் ராடபோய்ல் என்ற ஊரில் பிறந்தார். அதே ஊரில் வாழ்ந்து மறைந்தவர் கார்ல் மாய் என்ற சாகசக் கதை எழுத்தாளர். ஜெர்மன் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அவருடைய கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள். அவருடைய நூல்களை வெளியிடுவதற்காக 1913-ல் தொடங்கப்பட்ட பதிப்பகத்தை நடத்தியவர் லோதரின் தந்தை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடும்பமும் பதிப்பகமும் பாம்பெர்க் நகருக்கு வந்து சேர்ந்தன.

புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்தவர், கடைசி வரை புத்தகங்களோடுதான் இருந்தார். உலகிலேயே மிகப் பெரிய தனியார் சதுரங்க நூலகம் அவருடைய வீட்டில்தான் இருந்தது என்று சொல்வார்கள்.

நடுவர் என்றதும், ஆடத் தெரியாதவர் ஓரமாக நின்று விசில் ஊதுகிற வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். ஷ்மிட் கிராண்ட்மாஸ்டர். 1950-ல் துப்ரோவ்னிக் ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற மேற்கு ஜெர்மனி அணியில் இருந்தவர். கடிதம் மூலம் ஆடும் செஸ்ஸிலும் கிராண்ட்மாஸ்டர். ஒரு நகர்த்தலை அஞ்சலட்டையில் எழுதித் தபாலில் போட்டுவிட்டு, பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் ஆட்டம் அது. அதில் நடந்த இரண்டாவது உலகப் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். காத்திருக்கத் தெரிந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 1972-க்கு வருகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. செஸ் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமா. ஊர் நூலகத்துக்கு வரும் ஆங்கில நாளிதழில் ஆட்டத்தின் நகர்த்தல்கள் வரும். மாமா அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் திண்ணையில் பலகையை விரித்து, ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டுவார். ஃபிஷர், ஸ்பாஸ்கி என்ற பெயர்கள் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் பெயரைப் போலப் புழங்கின. அத்தைக்குக் கூடத் தெரியும்.

போட்டி நடந்த இடம் ஐஸ்லாந்து நாட்டின் தலைநகரம் ரெய்க்யவிக். ஒரு பக்கம் உலகச் சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி, சோவியத் ஒன்றியம். மறுபக்கம் பாபி ஃபிஷர், அமெரிக்கா. 1948 முதல் அந்தப் பட்டம் சோவியத் வீரர்களை விட்டு வெளியே போனதே இல்லை. பனிப்போர்க் காலம் வேறு. இரண்டு வல்லரசுகளும் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பது போலத்தான் உலகம் அதைப் பார்த்தது.

இந்த இருவருக்கும் நடுவே தலைமை நடுவராக நின்றவர் ஷ்மிட். முந்தைய ஆண்டு புவனோஸ் ஐரிஸில் ஃபிஷரும் பெட்ரோசியனும் மோதிய போட்டிக்கும் அவர்தான் நடுவர். ரெய்க்யவிக்கில் அவருக்குத் துணை நடுவராக இருந்தவர் குத்முந்துர் ஆர்ன்லாக்சன். அவர் கணித ஆசிரியர், ஒரு பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். நம் இனத்து ஆள்!

தொடக்கமே சிக்கல். ஜூலை 1-ஆம் தேதி தொடக்க விழா. ஃபிஷர் வரவில்லை. பரிசுப் பணம் போதாது என்றார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் ஆய்வே போட்டியை இரண்டு நாள் தள்ளிவைத்தார். ஜிம் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் தன் பணத்தைப் போட்டுப் பரிசை இரண்டு மடங்காக்கினார். கிஸ்ஸிஞ்சர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். அதற்குப் பிறகுதான் ஃபிஷர் விமானம் ஏறினார்.

முதல் ஆட்டம் ஜூலை 11. டிராவாக முடிய வேண்டிய ஆட்டத்தில், 29-ஆவது நகர்த்தலில் ஃபிஷர் தன் பிஷப்பால் ஒரு சிப்பாயை வெட்டினார். அந்த பிஷப் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டது. மறுநாள் தோற்றார். "இத்தனை பெரிய ஆளு, நம்ம ஊருப் பையன் மாதிரி சிப்பாய்க்கு ஆசப்பட்டுட்டாரே" என்று மாமா சொன்னது நினைவிருக்கிறது.

இரண்டாவது ஆட்டம் ஜூலை 13. அரங்கில் படம்பிடிக்கும் கேமராக்கள் தொந்தரவு செய்கின்றன, அவற்றை எடுத்தால்தான் வருவேன் என்றார் ஃபிஷர். மாலை 5 மணி. ஸ்பாஸ்கி வந்து உட்கார்ந்துவிட்டார். எதிர் நாற்காலி காலி. ஷ்மிட் என்ன செய்தார்? விதிப்படி ஃபிஷரின் கடிகாரத்தை ஓடவிட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. அரங்கம் முழுக்க மக்கள். மேடையில் ஒரு காலி நாற்காலி. ஒரு மணி நேரம் முடிந்ததும், ஃபிஷர் ஆடாமலே தோற்றதாக அறிவித்தார். மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஸ்பாஸ்கி 2, ஃபிஷர் 0.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். உலகமே ஃபிஷர் ஆடுவதைப் பார்க்கக் காத்திருக்கிறது. இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம் என்று ஷ்மிட் சொல்லியிருந்தால், எத்தனையோ பேர் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த ஸ்பாஸ்கிக்கு அது அநியாயம். பெரிய ஆட்டக்காரருக்கு ஒரு கடிகாரம், சாதாரண ஆட்டக்காரருக்கு ஒரு கடிகாரம் என்று வைக்க முடியாது.

அதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். கறாரான நடுவர்கள் உலகத்தில் நிறையப் பேர்.

ஃபிஷர் ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்ற நிலை. போட்டியே நின்றுபோகும். அப்போது ஒரு வழி பிறந்தது. மூன்றாவது ஆட்டத்தை மட்டும் பார்வையாளர்கள் இல்லாமல், மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வைத்துக்கொள்ளலாம். டேபிள் டென்னிஸ் ஆடும் அறை அது. ஷ்மிட் ஸ்பாஸ்கியிடம் கேட்டார். ஸ்பாஸ்கி சம்மதித்தார். அந்த மனிதரின் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது! 2-0 என்று முன்னிலையில் இருக்கிறார். "முடியாது" என்று சொல்லிவிட்டுப் பட்டத்தோடு மாஸ்கோ திரும்பியிருந்தால், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

ஜூலை 16. இருவரும் அந்த அறைக்கு வந்தார்கள். அங்கேயும் ஒரு கேமரா இருந்தது. ஃபிஷர் அதைப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார். ஷ்மிட்டோடு வாக்குவாதம். ஸ்பாஸ்கிக்கும் பொறுமை போய், எழுந்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாமே உடைந்திருக்கும். ஷ்மிட், ஆடுவதாகக் கொடுத்த வாக்கை ஸ்பாஸ்கிக்கு நினைவுபடுத்தினார். பிறகு இருவரையும் பிடித்து அவரவர் நாற்காலியில் உட்கார வைத்து, ஆடுங்கள் என்றார். பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். சண்டை போடும் இரண்டு பையன்களை வகுப்பில் நாங்கள் உட்கார வைப்பது போலத்தான்!

ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் ஃபிஷர் வென்றார். அதற்கு முன் ஸ்பாஸ்கியை அவர் ஒருமுறை கூட வென்றதில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து பழையபடி அரங்கத்துக்கே வந்தார்கள். மொத்தம் 21 ஆட்டங்கள். ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் ஆடிய அழகைப் பார்த்து, தோற்ற ஸ்பாஸ்கியே பார்வையாளர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

நடுவருக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஆகஸ்டில் சோவியத் தரப்பு, ஏதோ மின்கருவியாலும் ரசாயனத்தாலும் ஸ்பாஸ்கியின் மனதைக் குழப்புகிறார்கள் என்று புகார் கொடுத்தது. நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே இருந்த விளக்குகளைக் கழற்றிச் சோதித்தார்கள். விளக்கில் கிடைத்தது இரண்டு செத்த ஈக்கள்.

கடைசி ஆட்டம் ஒரே நாளில் முடியவில்லை. அந்தக் காலத்தில் ஆட்டம் நீண்டால், அடுத்து ஆட வேண்டியவர் தன் நகர்த்தலைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிடுவார். மறுநாள் நடுவர்தான் உறையைப் பிரிப்பார். அதுவரை அந்த ரகசியம் அவருடைய பாதுகாப்பில் இருக்கும். செப்டம்பர் 1-ஆம் தேதி அந்த ஆட்டத்தைத் தொடர வேண்டும். ஸ்பாஸ்கி வரவில்லை. தோல்வியை ஏற்பதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஷ்மிட் மேடையில் நின்று அதை அறிவித்தார். 12½ - 8½. ஃபிஷர் உலகச் சாம்பியன்.

அந்த மூன்றாவது ஆட்டம் நடக்காமல் போயிருந்தால்? ஃபிஷர் சாம்பியன் ஆகியிருக்க மாட்டார். உலகம் முழுக்க எத்தனையோ பிள்ளைகள் செஸ் பலகையைத் தொட்டே இருக்க மாட்டார்கள். எங்கள் திண்ணையில் பலகை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதே 1972-ல்தான் நம் சென்னையில், சோவியத் கலாசார மையத்தில், மானுவல் ஆரோன் முயற்சியில் தால் செஸ் கிளப் தொடங்கியது. பின்னாளில் சிறுவன் ஆனந்த் ஆடப் போனது அங்கேதான்.

ஷ்மிட்டின் பணி அதோடு முடியவில்லை. 1978-ல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் கார்ப்போவும் கோர்ச்னாயும் மோதினார்கள். ஆட்டத்தின் நடுவே கார்ப்போவுக்கு ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது ரகசியச் செய்தியாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்தது! சிரிக்காமல் அதையும் விசாரித்து, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட நிறத் தயிர்தான் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். 1986-ல் லண்டனிலும் லெனின்கிராடிலும் நடந்த காஸ்பரோவ் - கார்ப்போவ் போட்டிக்கும் ஷ்மிட்தான் தலைமை நடுவர். ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் இருபது ஆண்டு கழித்து 1992-ல் யுகோஸ்லாவியாவில் மறுபடி மோதியபோதும் அதே மனிதர்தான் நடுவராக இருந்தார். எந்த மனிதர் தன்னை ஆடாமலே தோற்றதாக அறிவித்தாரோ, அவரையே ஃபிஷர் மறுபடி நடுவராக ஏற்றுக்கொண்டார். ஒரு நடுவருக்கு இதைவிடப் பெரிய விருது வேண்டுமா?

ஃபிஷர் 2008-ல் அதே ரெய்க்யவிக்கில் காலமானார். வயது 64, பலகையின் கட்டங்கள் எத்தனையோ அத்தனை. ஷ்மிட் 2013-ல் பாம்பெர்க்கில், 85 வயதில். ஸ்பாஸ்கி 2025 பிப்ரவரியில். அந்தச் சின்ன அறையில் கத்தியவர், எழுந்து நின்றவர், உட்கார வைத்தவர் மூவரும் இன்று இல்லை.

இப்போது நான் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதுவரை வீட்டில் கூடச் சொன்னதில்லை.

பள்ளிகளுக்கு இடையேயான செஸ் போட்டி. நான்தான் நடுவர். தோற்றால் வெளியே போகும் முறை. செஸ் கடிகாரமெல்லாம் கிடையாது, வகுப்பறைச் சுவரில் மாட்டிய கடிகாரம்தான். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் எதிராளிக்கு வெற்றி என்பது அன்றைய விதி. மலையடிவாரக் கிராமத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வர வேண்டும். வரவில்லை. அரை மணி ஆனது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வெற்றி என்று எழுதிவிட்டேன். நான்கு நிமிடம் கழித்து அவள் வந்தாள். பஸ் வழியில் நின்றுவிட்டதாம், மீதித் தூரம் ஓடியே வந்திருக்கிறாள். தலையெல்லாம் கலைந்து, கையில் ஒரு துணிப்பை.

"அரை மணி முடிஞ்சிருச்சும்மா. ரூல் ரூல்தான்" என்றேன்.

அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பேசியது எதிரே இருந்த பிள்ளைதான். "சார், நான் வெளயாடுறேன் சார். அவ பாவம் சார்" என்றாள். "நீ சும்மா இரும்மா, நீதான் ஜெயிச்சிட்டியே" என்று அதட்டினேன்.

வந்தவள் கொஞ்ச நேரம் வராந்தாவில் நின்று, மற்றவர்கள் ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அந்தப் பள்ளி ஆசிரியரிடம் விசாரித்தேன். "செஸ் வேண்டாம்னுட்டா சார்" என்றார்.

பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விதிப்படிதானே செய்தேன்? ஷ்மிட்டும் கடிகாரத்தை ஓடவிட்டு, தோல்வி என்று அறிவித்தவர்தானே?

அவரைப் பற்றி மேலும் படிக்கப் படிக்கத்தான், பாதி ஷ்மிட்டை மட்டும் நான் கற்றிருக்கிறேன் என்று புரிந்தது. அவர் இரண்டாவது ஆட்டத்தின் தீர்ப்பை மாற்றவே இல்லை. அந்தத் தோல்வி தோல்வியாகவே நின்றது. ஆனால் தீர்ப்பு எழுதியதோடு தன் வேலை முடிந்ததாக அவர் நினைக்கவில்லை. அடுத்த ஆட்டம் நடக்க என்ன வழி என்று தேடினார். எதிராளியிடம் போய்க் கேட்டார். ஒரு பின்னறையைக் கண்டுபிடித்தார்.

எனக்கும் ஒரு ஸ்பாஸ்கி கிடைத்திருந்தாள். நான் கேட்காமலே அவளே முன்வந்து ஆடுகிறேன் என்றாள். பக்கத்து வகுப்பறையும் காலியாகத்தான் இருந்தது. முடிவை மாற்றியிருக்க வேண்டியதில்லை. "முடிவு முடிவுதாம்மா. ஆனா இவ்வளவு தூரம் வந்திருக்க, ரெண்டு பேரும் அந்த ரூம்ல ஒரு ஆட்டம் ஆடுங்க" என்று ஒரு பலகையை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை தோற்றிருந்தாலும் ஆடிவிட்டுப் போயிருப்பாள்.

அதன் பிறகு பணி ஓய்வு பெறும் வரை நான் நடுவராக இருந்த எல்லாப் போட்டியிலும், பக்கத்து அறையில் இரண்டு பலகைகளைத் தனியாக விரித்து வைப்பேன். தாமதமாக வந்தவர்கள், முதல் சுற்றிலேயே தோற்றவர்கள் யார் வேண்டுமானாலும் அங்கே போய் ஆடலாம். உங்களில் சிலர் அந்த அறையில் ஆடியிருப்பீர்கள். எதற்கு அந்தப் பலகைகள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது தெரிந்திருக்கும்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், அலுவலகத்தில் மனு வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். கடிகாரத்தை நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. நேரத்துக்கு வந்தவருக்கு அது துரோகம். "நேரம் முடிந்தது" என்று எழுதிய பிறகு தலையை நிமிர்த்தி, ஓடி வந்து நிற்பவர் முகத்தை ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் ஒரு காலி அறை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

போன ஞாயிறு நம் நடுவர் மாணவரிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது சுற்று முடிந்துவிட்டது. பேரன் தோற்றுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்து மூலையில் கிடந்த ஒரு மேஜையை இழுத்துப் போட்டு, "தம்பி, அடுத்த ரவுண்டுக்கு இருபது நிமிஷம் இருக்கு. தாத்தாவோட ஒரு ஆட்டம் ஆடு" என்று பலகையை விரித்தார்.

மலையடிவாரத்திலிருந்து ஓடி வந்த அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை. யார் மூலமாவது இந்தப் பதிவு அவள் கண்ணில் பட்டால், சார் தவறு செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறது. பலகை என்னிடம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

லோதர் ஷ்மிட் ஐயாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்